ஞானப்பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு நுழைந்துவிடும். சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு இரண்டாவது விரலே நுழையவில்லை. வயது 23. காது வலிக்கிறது என்று இரண்டு நாள் முன்பு ஒரு மருத்துவரிடம் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை இட்லியைப் பிட்டு வாயில் வைக்க முடியாமல் அழுதபோதுதான் என் அம்மா அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஸ்பூன் காம்பால் கன்னத்தை விலக்கி, செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். கீழ்வரிசையின் கோடியில் ஈறு செக்கச்செவேலென்று உப்பியிருந்தது. அதன் நடுவே குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு பல்.

"ஞானப்பல்லுடி. இனிமேலாவது புத்தி வரட்டும்" என்றார் அம்மா.

பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கிற மூன்றாவது கடைவாய்ப்பல் இது. மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலருக்கு நான்கும் வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. துருக்கியில் இதற்கு 'இருபது வயதுப் பல்' என்று பெயர். ஜப்பானியர்கள் 'பெற்றோர் அறியாதது' என்கிறார்கள். இது முளைக்கிற வயதில் பிள்ளைகளின் வாயைப் பெற்றோர் பார்ப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எங்கள் வீட்டில் பாட்டி பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

கடைசியாக வருவதுதான் இதன் பிரச்சினை. 28 பற்கள் உட்கார்ந்து முடித்த தாடையில் இதற்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும். சமைத்த, மாவாக்கிய உணவுக்குப் பழகியதில் மனிதத் தாடை சிறுத்தது, பல் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை என்பது மானிடவியலாளர்கள் சொல்லும் காரணம். ஆனால் இதை நேற்று வந்த நாகரிக நோய் என்று எண்ண வேண்டாம். பிரான்ஸில் காப் ப்ளாங் என்ற பாறைக் குடிலில் 1911இல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. பனியுகத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. ஞானப்பல் முளைக்காததைப் பார்த்து, இளம்பெண் என்று முடிவு கட்டி, சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் 'மக்தலேனியச் சிறுமி' என்றே காட்சிக்கு வைத்தார்கள். பிற்பாடு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பற்கள் உள்ளேயே இருந்தன, வெளியே வர வழியில்லாமல் எலும்புக்குள் சிக்கிக் கிடந்தன. சிறுமியின் வயது 25க்கு மேல்.

இப்படிச் சிக்கிக்கொள்ளும் பல்லைப் புதைந்த பல் என்கிறோம். கீழ்த்தாடையில் அதிகம் காணப்படுவது முன்பக்கம் சாய்ந்த வகை. தனக்கு முன்னால் உள்ள நல்ல பல்லின்மீது தலையை முட்டிக்கொண்டு நிற்கும். சில பற்கள் முழுக்கப் படுத்தே கிடக்கும். சில நேராக நின்றாலும் மேலே எலும்பு மூடியிருக்கும். முழுவதும் புதைந்திருப்பது பல வருடம் சத்தமில்லாமல் இருக்கலாம். பாதி வெளியே, பாதி உள்ளே என்று நிற்பதுதான் தொல்லைக்காரப் பல்.

காரணம், அதன்மேல் ஒரு மூடிபோலக் கவிந்திருக்கும் ஈறு மடிப்பு. கீரைத் துணுக்கு, முறுக்குத் தூள், எதுவும் அதன் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் எட்டாது. கிருமி பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்வரிசைப் பல் ஒவ்வொரு கடிக்கும் இடிக்கும், இடித்தால் இன்னும் வீங்கும். பக்கத்தில்தான் தாடையை அசைக்கும் தசைகள் என்பதால் அவை இறுகி வாய் திறக்காது. கீழ்ப்பல்லுக்கும் காதோரத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் வலி காதில் தெரியும். சொட்டு மருந்து வேலை செய்யாததன் ரகசியம் இது.

மருந்துக் கடையில் சொல்லி ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் வடிந்துவிடும். ஈறு மடிப்பு அப்படியே இருக்கும். இரண்டு மாதத்தில், பெரும்பாலும் பரீட்சைக்கோ கல்யாணத்துக்கோ முதல் நாள், திரும்ப வரும். விசாரித்தால் எங்கள் பெண்ணுக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் கிராம்பு, உப்புத் தண்ணீர், மாத்திரை என்று சமாளித்திருக்கிறாள். உப்புத் தண்ணீர் நல்லதுதான். வீங்கிய கன்னத்தின்மேல் சூடான ஒத்தடம் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஓர் அபாயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர் நுனி, நாக்கின் அடித்தளமாக இருக்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே பிடிக்கும் சீழ் வாய்க்குள் உடைந்து வராமல் தாடைக்கு அடியில், கழுத்தை நோக்கிப் போகும். 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் இந்த நிலையில் நாக்கு மேலே தூக்கப்பட்டு மூச்சே அடைபடலாம். காய்ச்சலோடு தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல் மாதிரி வீங்கினால், எச்சில் விழுங்க முடியவில்லை என்றால், குரல் மாறினால், பல் கிளினிக் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி, தலைப்பில் உள்ள கேள்வி. வலியே இல்லை, எக்ஸ்ரேயில் மட்டும் தெரிகிறது, எடுத்துவிடலாமா? இதில் மருத்துவ உலகமே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் முன் நான்கையும் எடுத்துவிடுவது நெடுநாள் வழக்கம். பிரிட்டனில் 'நைஸ்' என்ற அரசு அமைப்பு, நோய் எதுவும் இல்லாத புதைந்த பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதை நிறுத்துங்கள் என்று 2000ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. அதற்குப் பின் அங்கே என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். எடுப்பது ஒரேயடியாக நிற்கவில்லை, வயதானபின் எடுப்பது கூடியது. சாய்ந்த பல் முட்டும் இடத்தில் உணவு சேர்ந்து, முன்னால் உள்ள நல்ல பல் சொத்தையானபின் வந்தார்கள். வயது ஏற ஏற எலும்பு கெட்டிப்படும், ஆறவும் நாள் ஆகும்.

என் தீர்ப்பு இரண்டுக்கும் நடுவில். இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பல்லை எடுக்கக் கூடாது. ஈறு அடிக்கடி வீங்குகிறது, சொத்தை விழுந்துவிட்டது, முன்னால் உள்ள பல்லை அரிக்கிறது, சுற்றி நீர்க்கட்டி தெரிகிறது என்றால் தள்ளிப்போடவும் கூடாது. 'முன்வரிசைப் பல் கோணலாகிவிடும்' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நான்கையும் எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பல் கோணுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

பாட்டிகள் சொல்லும் இன்னொன்று: பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும். பல்லுக்கும் நெற்றிக்கும் கண்ணோரத் தோலுக்கும் உணர்ச்சி தருவது மூளையின் ஐந்தாவது நரம்பு. பார்வையைத் தருவது இரண்டாவது நரம்பு. இரண்டும் வேறு வேறு வழி. என் அம்மாவும் இதை ஒருமுறை சொன்னார். அவருக்கே ஆறு பல் எடுத்தாகிவிட்டது, கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறார் என்று நினைவூட்டிய பிறகு பேச்சை மாற்றினார்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய நரம்பு வேறொன்று. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரிப் பாதையில், பற்களின் வேருக்கு அடியில் அது ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் இந்தப் பாதை இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஞானப்பல்லின் வேர் வரும் இடத்தில் அந்தக் கோடு அறுந்திருக்கிறதா, பாதை வளைகிறதா, வேர் அங்கே கருத்துத் தெரிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அப்படி இருந்தால் வேரும் நரம்பும் ஒட்டியிருக்கக்கூடும், முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஒட்டியிருப்பது உறுதியானால் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. நரம்பு நிரந்தரமாகக் கெடுவது அபூர்வம். கெட்டால், குடிக்கிற காபி உதட்டில் வழிவதுகூடத் தெரியாது. எனவே படத்தைக் காட்டி, "நரம்பு எவ்வளவு தள்ளியிருக்கு, டாக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

பல்லைப் பிடுங்குவது என்று சொல்லிப் பழகிவிட்டோம். புதைந்த பல்லை யாரும் பிடுங்குவதில்லை, துண்டு துண்டாக எடுக்கிறார்கள். முதலில், அந்தத் தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் வாசலருகே ஊசி. சில நிமிடங்களில் பாதி உதடு தடித்துவிட்ட மாதிரி இருக்கும். லிக்னோகெய்னோடு அட்ரினலின் கலந்திருப்பதால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். மயக்க மருந்தின் வரலாற்றிலேயே ஞானப்பல்லுக்கு ஒரு பங்கு உண்டு. 1844 டிசம்பர் 11 அன்று, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை இழுத்துக்கொண்டு, தன் சொந்த ஞானப்பல்லையே சக மருத்துவர் ஜான் ரிக்ஸைக் கொண்டு எடுக்கச் செய்தார். வலிக்கவில்லை. இன்று நாம் போட்டுக்கொள்ளும் லிக்னோகெய்னை ஸ்வீடனில் லோஃப்கிரென் உருவாக்கியது அதற்குச் சுமார் நூறு ஆண்டு கழித்து, 1943இல்.

உதடு மரத்ததும் ஈறைக் கீறி, எலும்போடு ஒட்டிய சவ்வையும் சேர்த்து விலக்குவார்கள். பல்லை மூடிய எலும்பைச் சுற்றிலும் டிரில்லால் சிறு வாய்க்கால் போல எடுப்பார்கள். உதவியாளர் விடாமல் உப்பு நீரைப் பீய்ச்சுவது வாயைக் கழுவ மட்டுமல்ல. எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடித்தால் அந்த இடத்து எலும்பு செத்துவிடும். பிறகு பல்லைக் குறுக்கே வெட்டி, நெம்புகருவியால் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். அப்போது 'மளுக்'கென்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்கும். எங்கள் பெண் தாடை முறிந்துவிட்டது என்றே நினைத்தாளாம். வெட்டிய பல் இரண்டாகப் பிரிகிற சத்தம் அது. அழுத்தம் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். எல்லாம் முடிந்ததும் கருப்பு நூலில் இரண்டு மூன்று தையல்.

அதற்குப் பிறகு பாதுகாக்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று, குழியில் உறைந்த ரத்தக் கட்டி. புண்ணுக்கு மூடி அதுதான். வைத்த பஞ்சை ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுவதும் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எச்சிலில் ரத்தச் சாயல் தெரிந்தால் பதற வேண்டாம், விழுங்கிவிடுங்கள். கன்னத்தின்மேல் துணியில் சுற்றிய ஐஸ். ஆறிய கஞ்சி, குழைந்த தயிர் சாதம், ஐஸ்க்ரீம். ஆவி பறக்கும் காபி மறுநாளைக்கும் வேண்டாம். 24 மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது, குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காதுவரை தெறிப்பது. ரத்தக் கட்டி கழன்று எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். உலர்குழி என்பார்கள். வாயில் துர்நாற்றம் வரும், மாத்திரைக்கு அடங்காது. புகைப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் நன்றாகக் குறையும். வீட்டில் கிராம்பை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

பல் எடுக்கப் போகும்போது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானத்துக்குப் போட்டுக்கொண்ட ஊசி, அண்மையில் வந்த டெங்கு எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்த அறுவைக்கென்றே தனித் துறை உண்டு. சென்னையில் அந்தக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது.

எங்கள் பெண்ணுக்கு ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள், பத்தாம் நாள் மூன்று விரலும் நுழைந்தது. எடுத்தது வலது பக்கத்துக் கீழ்ப்பல் ஒன்றுதான். இடது பக்கத்துப் பல் நேராக முளைத்து, மேல்பல்லோடு பொருந்தி, பிரஷ் எட்டும் இடத்தில் நிற்கிறது. அதை எடுக்க மருத்துவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.