பிள்ளை கப்பல் ஏறிட்டானா?

புதுச்சேரி மிஷன் வீதி சம்பா கோயிலில் முழங்காலில் நிற்கும் அம்மாக்கள் பலருக்குப் பிள்ளை பிரான்சில் இருப்பான். கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்தங்கிய ஊர். அவன் தூங்கும்வரை இங்கே இவர்களுக்கும் தூக்கம் கிடையாது! நாற்பது வயசுக்காரனிடம் போனில், "ஸ்வெட்டர் போட்டியாப்பா?"

இவர்களுக்கெல்லாம் ஒரு முன்னோடி உண்டு. வட ஆப்பிரிக்காவின் மோனிக்கா. பிற்காலத்தில் புனிதரான மகன் அகஸ்டின், 383-ல் கார்த்தேஜ் துறைமுகத்தில் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த இரவு முழுக்க அம்மா, மகன் போகக் கூடாதென்று பக்கத்துக் கோயிலில் அழுது ஜெபித்துக்கொண்டிருந்தார். விடிந்தால் கப்பல் இல்லை!

ஆனால் அப்படிப் போனதால்தான் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸின் பிரசங்கம் மகன் காதில் விழுந்தது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம். அந்த வருஷமே மோனிக்கா நிம்மதியாகக் கண்மூடினார்.

கேட்டது கிடைக்கவில்லை, வேண்டியது கிடைத்தது. பிள்ளையை விடுவது என்றால் கைகழுவுவது அல்ல, இன்னொரு கையில் ஒப்படைப்பது. ஆகஸ்ட் 27 மோனிக்கா திருநாள், மறுநாள் அகஸ்டினுக்கு. காலண்டரில்கூட அம்மா முதல் நாளே வந்து காத்திருக்கிறார்!

ஆகவே அம்மாக்களே, ஜெபத்தை விடாதீங்க. ஸ்வெட்டரை விட்டுடுங்க!