நாற்றங்காலில் ஒரு வகுப்பறை

மகாளய அமாவாசையன்று தெலங்கானாவில் பதுகம்மா திருவிழா தொடங்குகிறது. ஒன்பது நாட்கள் நிகழும் அவ்விழாவில் ஆவாரம்பூ, பண்ணைப்பூ, சாமந்தி, செண்டுமல்லி ஆகியவற்றைப் பெண்கள் தட்டுகளில் கோபுரம்போல் அடுக்கி, நடுவில் வைத்துச் சுற்றிவந்து பாடி, பின்னர் நீர்நிலைகளில் விடுகின்றனர். அந்நாட்களில் ஐதராபாத்தின் குடிமல்காபூர் மலர்ச் சந்தையில் செண்டுமல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விழாவுக்குப் பூ வேண்டுமெனில் ஜூலைத் தொடக்கத்திலேயே விதைத்துவிட வேண்டும். முளைக்க ஏறக்குறைய ஒரு வாரம். நாற்று நடவுக்குத் தயாராக ஒரு மாதம். பூக்க மேலும் ஒன்றரை மாதம்.

தோட்டக்காரருக்கு இது சாதாரணக் கணக்கு. ஆனால் நேற்று, இன்று, நாளை என்னும் வேறுபாட்டையே சிரமப்பட்டுக் கற்கும் ஓர் இளைஞருக்கு, காலம் கண்முன் வளர்ந்து நிற்பதைக் காட்டும் நாட்காட்டி அது. அறிவுசார் குறைபாடு உடையோருக்குத் தோட்டப் பணியை ஒரு சிகிச்சை முறையாகப் பயன்படுத்துவோர் முதலில் நம்பியிருப்பது செடியின் இந்த நிதானத்தைத்தான்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல. முன்னது வளரும் பருவத்திலேயே தோன்றி, கற்றலிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் வாழ்நாள் முழுதும் உடன்வரும் நிலை. பின்னது எந்த வயதிலும் எவரையும் தாக்கக்கூடியது. மருந்தாலும் மருத்துவ ஆலோசனையாலும் பெரும்பாலும் கட்டுப்படக்கூடியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்விரண்டையும் தனித்தனியே பதிவு செய்தது. முதல் பிரிவில் ஏறத்தாழ 15 லட்சம் பேர். இரண்டாம் பிரிவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர். தோட்டம் இரு சாராருக்கும் உதவுகிறது. உதவும் விதம்தான் வேறு. இக்கட்டுரை பெரிதும் முதல் சாராரைப் பற்றியது.

அவர்களுக்கான நாட்டின் முதன்மை நிறுவனம் ஐதராபாத்தின் இரட்டை நகரான செகந்திராபாத்தில், போவன்பள்ளியை அடுத்த மனோவிகாஸ் நகரில் உள்ளது. மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் என்ற பெயரில் 1984ஆம் ஆண்டு அது தொடங்கப்பெற்றது. அப்பெயரில் இருந்த இழிவுக் குறிப்பு பின்னாளில் உணரப்பட்டு, அறிவுசார் குறைபாடு உடையோரை மேம்படுத்தும் தேசிய நிறுவனம் என்னும் பொருள்படப் பெயர் மாற்றப்பட்டது. சிறப்பாசிரியர்களை உருவாக்குவதும், நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் பொருந்தும் மதிப்பீட்டுப் பட்டியல்களையும் பயிற்சிக் கையேடுகளையும் தயாரிப்பதும் இந்நிறுவனத்தின் பெரும்பணிகள். ஒருவருடைய வயது என்ன, நுண்ணறிவு எண் என்ன என்பதோடு நின்றுவிடாமல், அவர் இன்று தாமாகச் செய்யக்கூடியது எது, சிறிது உதவினால் செய்யக்கூடியது எது என்று கேட்பதே அப்பட்டியல்களின் அடிப்படை. இந்தக் கேள்வியோடு ஒருவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றால் என்ன நிகழும் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

நாற்று வளர்க்கும் குழித்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாற்றுப் பண்ணைகளில் பரவலாகப் பயன்படும் தட்டில் 98 குழிகள் உண்டு. குழிக்கு ஒரு விதை. பத்துக்குமேல் எண்ணத் தெரியாதவரும் இத்தட்டில் 98 விதைகளைப் பிழையின்றி ஊன்ற முடியும். ஏனெனில் எண்ணும் வேலையைத் தட்டே செய்துவிடுகிறது. வெற்றுக் குழி தெரிந்தால் வேலை மிச்சம். தெரியாவிட்டால் வேலை முடிந்தது. செண்டுமல்லியின் விதையோ இதற்கென்றே படைக்கப்பட்டதுபோல் அமைந்திருக்கிறது. ஒரு பாதி கறுப்பும் மறு பாதி வெளிர்நிறமுமாக ஈர்க்குச்சித் துணுக்குபோல் நீண்டிருப்பதால், விரல்நுனியின் இயக்கம் முழுமையாகக் கைவராதவரும் அதனைப் பற்றிவிடலாம். கடுகளவு விதையைக் கொடுத்து அவரைத் திணறவைக்க வேண்டியதில்லை.

சிறப்பாசிரியர்கள் எந்த வேலையையும் சிறு படிகளாகப் பிரித்தே கற்பிப்பர். தொட்டியில் நாற்று நடுவதை நாம் ஒரே வேலையாக எண்ணுகிறோம். அவர்கள் அதனைத் தொட்டியை எடுத்தல், துளையை ஓட்டுச் சில்லால் மூடுதல், குறியிட்ட கோடு வரை மண் நிரப்புதல், விரலால் குழிசெய்தல், நாற்றை வைத்தல், மண் அணைத்தல், நீர் ஊற்றுதல் என ஏழு படிகளாகக் காண்பர். இதில் ஒரு நுட்பம் உண்டு. பலருக்கு முதல் படியிலிருந்து தொடங்குவதைவிடக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது பலன் தரும். ஆறு படிகளையும் ஆசிரியர் செய்து காட்டுவார். ஏழாவதான நீர் ஊற்றுதலை மாணவர் செய்வார். அது கைவந்தபின் மண் அணைப்பதும் நீர் ஊற்றுவதும் மாணவருடையவை. இவ்வாறு பின்னோக்கி வந்துகொண்டிருப்பதால், ஒவ்வொரு நாளும் வேலையை முடித்துவைத்த கை மாணவருடைய கையாகவே இருக்கும். பள்ளியில் ஆண்டுக்கணக்காகப் பாதியிலேயே நிறுத்தப்பட்ட ஒருவருக்கு இது எத்துணை பெரிய அனுபவம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நீர் ஊற்றுவதில் ஒரு தொல்லை வரும். நீரோடு விளையாடுவதில் மகிழ்ந்து சிலர் நிறுத்தவே மாட்டார்கள்; செடி அழுகிவிடும். கண்டிப்பதைவிட ஏற்பாட்டை மாற்றுவதே முறை. குழாயை விலக்கிவிட்டு, தொட்டிக்கு ஒரு குவளை என வகுத்து, நீர் ஊற்றிய தொட்டியில் ஒரு கூழாங்கல்லை வைக்கச் சொன்னால் போதும்.

இவையெல்லாம் திறன்கள். ஆனால் தோட்டத்தைத் தையல், மெழுகுவத்தி, காகிதப் பை ஆகிய பிற பயிற்சிகளிலிருந்து வேறுபடுத்துவது மற்றொன்று. அறிவுசார் குறைபாடு உடைய ஒருவர் பிறந்ததுமுதல் பராமரிக்கப்படுபவராகவே இருக்கிறார். ஊட்டுவார் ஒருவர், உடுத்துவார் ஒருவர், அழைத்துச் செல்வார் ஒருவர். தம்மை நம்பி எதுவும் இல்லை என்னும் நிலையிலேயே நாற்பது வயதைக் கடந்தவர்கள் உண்டு. செடி அந்த உறவைத் திருப்பிப் போடுகிறது. இவர் வரவில்லையெனில் அது வாடும். வாடியது திட்டாது, ஏளனம் செய்யாது, நீர் ஊற்றினால் மாலைக்குள் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். தவற்றை இவ்வளவு மென்மையாகச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் மனிதர்களில் அரிது.

நிமிராமல் பட்டுப்போகும் செடிகளும் உண்டு. பிள்ளை வருந்துவான் என்று இரவோடிரவாக வேறு செடியை மாற்றிவைக்கும் பெற்றோரின் பரிவு புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் அவ்வாறு செய்தல் ஆகாது என்பதே என் எண்ணம். பட்ட செடியைத் தாமே பிடுங்கி உரக்குழியில் இட்டு, அடுத்த விதையை ஊன்றுபவருக்கு இழப்பு என்பது என்ன என்று தெரியும். அதன்பிறகும் ஒரு காலைப்பொழுது உண்டு என்பதும் தெரியும். பெற்றோரின் முதுமையை எதிர்நோக்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இப்பாடம் சிறியதன்று.

இம்முறையின் வரலாறு பழையது. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1812இல் வெளியிட்ட மனநோய் பற்றிய நூலில், மருத்துவமனையில் மரம் வெட்டுதல், தோட்டத்தில் மண் கொத்துதல் போன்ற வேலைகளைச் செய்த நோயாளிகள் பிறரைவிடக் குணமடைவதைக் குறிப்பிட்டார். 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு பலரும் அறிந்தது. பித்தப்பை அறுவைக்குப்பின் மரங்கள் தெரியும் சன்னலருகே படுத்திருந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்தவாறு படுத்திருந்த 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. எனினும் மிகைப்படுத்தல் வேண்டா. மனச்சிதைவு நோய்க்குத் தோட்டச் சிகிச்சை பயன்படுமா என்று 2014இல் ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வுக்குத் தகுதியான சோதனை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதில் பங்கேற்றோர் 24 பேர். உறுதியாக எதையும் கூறவியலாது என்றே அம்மதிப்பாய்வு முடிவுரைத்தது. அறிவுசார் குறைபாட்டைத் தோட்டம் நீக்கிவிடாது. வலிப்பு மருந்துக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ அது மாற்றும் ஆகாது. அவ்வாறு வாக்களிப்போரிடம் விலகியிருத்தல் நன்று.

வீட்டில் தொடங்க விரும்புவோருக்கு வெந்தயமே நல்ல தொடக்கம். மூன்று நான்கு நாட்களில் முளைத்து, ஒரு மாதத்துக்குள் கீரையாகிவிடும். பொறுமை குறைந்தவருக்கும் அதுவரை காத்திருக்க இயலும். ஓமவல்லி, துளசி, கறிவேப்பிலை ஆகியவற்றின் மணமும், புளிச்சக்கீரையின் புளிப்பும் பேச்சு வராதவர்களோடும் உரையாட உதவும். புற உலகச் சிந்தனையற்றவர் போல் தோன்றும் ஆட்டிசக் குழந்தைகளுள் சிலருக்கு ஈரமண் கையில் ஒட்டுவதே தாங்கவொண்ணாத உணர்வைத் தரும். அவர்களைக் கரண்டியோடும் உலர்ந்த தென்னைநார்த் தூளோடும் தொடங்கச் செய்யலாம். சக்கர நாற்காலியில் இருப்போருக்கு இரண்டரை அடி உயரப் பாத்தி ஏற்றது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் இடும் பழக்கம் சிலருக்கு உண்டாதலால் அரளியும் ஊமத்தையும் அங்கே இருத்தல் கூடாது, பூச்சிமருந்தும் அவ்வாறே. ஐதராபாத்தின் மே மாத வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். வலிப்பு உடையோரையும், வெயில்பட்டால் தோல் சிவக்கச் செய்யும் மனநல மருந்துகளை உட்கொள்வோரையும் காலை ஒன்பது மணிக்குப்பின் வெளியில் நிறுத்தாதிருத்தல் வேண்டும்.

சிகிச்சை தொழிலாக மாறுவது அடுத்த கட்டம். தக்காணத்தின் மற்றொரு பெருநகரான பெங்களூரில், 1959இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஜீவன் பீமா நகரில் தோட்டக்கலைப் பயிற்சி மையம் நடத்திவருகிறது. அங்கு வளரும் செடிகளை நகரத்தார் விலைகொடுத்து வாங்கிச் செல்கின்றனர். தமிழ்நாட்டில் திண்டிவனத்துக்கு அருகே 2013இல் தோன்றிய ஸ்ரிஷ்டி அமைப்பு, இல்லங்களில் வளர்ந்து வயதுவந்தபின் போக்கிடமற்ற அறிவுசார் குறைபாடு உடையோர் விவசாயம் செய்து கூடிவாழும் கிராமம் ஒன்றையே உருவாக்கியிருக்கிறது. இத்தகைய இடங்களில் பரிதாபத்துக்காக வாங்குபவர் ஒருமுறைதான் வருவார். நாற்று நன்றாக இருந்தால் மறுமுறையும் வருவார். பயிற்சி மையங்கள் தரத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

தங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார் என்ற கேள்வி இத்தகைய குடும்பங்களில் என்றும் உண்டு. நாற்று விற்று வரும் சிறு ஊதியமும் அப்போது ஒரு கணக்கில் சேர வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்த அறிவுசார் குறைபாடு உடையவருக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழு நியமிக்கலாம். அக்குழு தரும் சான்றிதழை ஏற்றுக் கணக்கு தொடங்கவும் இயக்கவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என ரிசர்வ் வங்கி 2007இல் தெளிவுபடுத்தியுள்ளது. பெற்றோர் இருக்கும்போதே இதனை முடித்துவைத்தல் நலம். அதேவேளை, குறைபாடு குறைந்த அளவில் உள்ள பலர் தம் கணக்கைத் தாமே இயக்கவல்லவர்கள். அவர்களுக்குப் பாதுகாவலர் தேவையில்லை. அவர்களை முதல் முறை கிளைக்கு அழைத்து வரும்போது தொட்டியில் நாற்று நட்ட முறையையே பின்பற்றலாம். பணம் செலுத்தும் படிவத்தைப் பெற்றோர் நிரப்பட்டும். கடைசிப் படியான கையொப்பத்தைப் பிள்ளை இடட்டும். அடுத்த மாதம் தொகையை எண்ணால் எழுதுவதும் பிள்ளையின் வேலை.