‘றெயின்’ என்றதும் ஓட வேண்டுமா?

சூடடித்த நெல்லை முற்றத்தில் பரப்பிவிட்டு நிற்கிறோம். ஆங்கில வானிலை அறிக்கையில் ‘றெயின்’ என்ற சொல் காதில் விழுந்தால் போதும், படங்கைத் தேடி ஓடுகிறோம். அதனோடு வரும் சிறு சொல்லைக் கவனிப்பதில்லை.

‘வில்’ என்றால் மழை பெய்யுமென்றே எதிர்பார்க்கிறார்கள். ‘மே’ என்றால் பெய்யலாம், பெய்யாமலும் விடலாம். ‘சான்ஸ் ஒவ் றெயின்’ என்பதும் அப்படியே. நம் பேச்சில் சான்ஸ் என்றால் நல்ல வாய்ப்பு. அங்கே வெறும் சாத்தியம்தான். ‘அற் எ ஃபியூ பிளேசஸ்’ என்றால் சில இடங்களில் மட்டும். அயலூர் நனைய நம் முற்றம் காய்ந்தே கிடக்கலாம். ‘மெயின்லி ட்றை’ என்பதை நம்பி நெல்லை அப்படியே விட்டுச் செல்வோரும் உண்டு. பெரும்பாலும் மழையில்லை என்பதே அதன் பொருள். ஒரு துளியும் விழாது என்பதல்ல. ஆனால், கருமுகிலைக் கண்ட பள்ளிப் பிள்ளை ‘இற்ஸ் கோயிங் ரு றெயின்’ என்றால் விவாதம் வேண்டாம், அள்ளத் தொடங்குவோம்.

அளவையும் கேட்போம். 100 மில்லிமீற்றர் என்றால் ஏக்கருக்கு நான்கு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர்!

மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே வருகிறது. ‘ஆஃப்ரர்நூன் ஓர் நைற்’ என்று கேட்டால் காலை வெயிலில் காயவைத்து, மதியத்துக்குள் அள்ளிவிடலாம்.