பலவீனமான சீட்டுகளை முதலில் கவனியுங்கள்

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏஸும் ராஜாவும் கையில் இருந்தால் யாரும் பிடி எடுத்துவிடலாம். ஒரு சூட்டில் சிறிய சீட்டுகள் மட்டுமே வரும்போதுதான் ஆட்டக்காரரின் திறமை வெளிப்படும். இளையர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் நான், துருப்பு பலமாக இருந்தும் ஒரு பலவீனமான சூட்டால் கைநழுவிப்போகும் ஆட்டங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நம் தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பலருக்கு ‘ஃபுளோட்டிங் பிரிட்ஜ்’ தெரிந்திருக்கும். அதில் ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அதை வைத்திருப்பவரே அவருடைய ரகசியக் கூட்டாளி. அனைத்துலகப் போட்டிகளில் ஆடப்படும் கான்ட்ராக்ட் பிரிட்ஜில் கூட்டாளி யார் என்பது முன்பே தெரியும். எதிரணி முதல் சீட்டை இறக்கியதும் அவர் தம் 13 சீட்டுகளையும் மேசையில் விரித்து வைப்பார். அந்தக் கைக்கு ‘டம்மி’ என்று பெயர். இரு கைகளையும் ஆடுபவர் ‘டிக்ளேரர்’.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 2018ல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் குழுப் பிரிவில் சிங்கப்பூர் தங்கம் வென்றது.

டம்மியின் துருப்பைக் காப்பாற்றுங்கள்

நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் ஆட்டம் இது. ஸ்பேட்ஸ் துருப்பு, 10 பிடி எடுப்பதாக ஏலம்.

என் கையில்: ஸ்பேட்ஸ் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், 10, ஹார்ட்ஸ் ஏஸ், 7, 4, டைமண்ட்ஸ் ராஜா, 6, 3, கிளப்ஸ் 8, 5.

டம்மியில்: ஸ்பேட்ஸ் 9, 8, 7; ஹார்ட்ஸ் 6, 3; டைமண்ட்ஸ் ஏஸ், 7, 5, 2; கிளப்ஸ் ஏஸ், 9, 6, 4.

எண்ணிப் பாருங்கள். துருப்பில் 5, ஹார்ட்ஸில் 1, டைமண்ட்ஸில் 2, கிளப்ஸில் 1. மொத்தம் 9. பத்தாவது எங்கே?

புதியவர்கள் உடனே துருப்பை மூன்று முறை இறக்கி, எதிரணியின் துருப்புகளை வாங்கப் பார்ப்பார்கள். டம்மியின் மூன்று துருப்புகளும் அதோடு போய்விடும். பிறகு எதிரணியிடம் உள்ள 6 டைமண்ட்ஸ் மும்மூன்றாகப் பிரிந்திருந்தால்தான் பத்தாவது பிடி கிடைக்கும். அதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 36 விழுக்காடு.

ஹார்ட்ஸைப் பாருங்கள். டம்மியில் இரண்டே சீட்டுகள்தான் உள்ளன. ஏஸை ஆடி, அடுத்த சுற்றை விட்டுக்கொடுத்தால் டம்மியில் ஹார்ட்ஸ் தீர்ந்துவிடும். என் மூன்றாவது ஹார்ட்ஸை டம்மியின் துருப்பால் வெட்டலாம். எதிரணியிடம் 6க்கு மேற்பட்ட துருப்பு இல்லாததால் அந்த வெட்டை அவர்களால் மிஞ்ச முடியாது. அவர்கள் இடையில் இரண்டு முறை துருப்பு இறக்கினாலும் டம்மியில் ஒன்று மிஞ்சும். பத்தாவது பிடி அநேகமாக உறுதி.

வல்னரபிள் அல்லாத நிலையில் 10 பிடி எடுத்தால் நமக்கு 420 புள்ளிகள். 9 எடுத்தால் எதிரணிக்கு 50. ஒரே ஒரு சிறிய ஹார்ட்ஸ் சீட்டால் வரும் வித்தியாசம் இது.

முதலில் தோற்று, பிறகு வெல்லுங்கள்

சில நேரம் பலவீனமான சூட் நீளமாக இருக்கும். டம்மியில் டைமண்ட்ஸ் ஏஸ், 7, 6, 4, 2. என் கையில் 5, 3 என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒரே பிடிதான் கிடைக்கும் என்று தோன்றும்.

நான் ஏஸை உடனே ஆடமாட்டேன். முதல் சுற்றில் இரு கைகளிலும் சிறிய சீட்டைப் போட்டு விட்டுக்கொடுப்பேன். அடுத்து ஏஸ். மூன்றாவது சுற்றை என் கையில் துருப்பால் வெட்டுவேன். எதிரணியின் 6 சீட்டுகள் 3-3 எனப் பிரிந்திருந்தால் டம்மியில் மிஞ்சும் இரண்டும் வெற்றிச் சீட்டுகள். 4-2 என்றால் இன்னொரு முறை வெட்ட வேண்டும். கடைசிச் சீட்டு வெல்லும். இரண்டு பிரிவுகளையும் சேர்த்தால் வாய்ப்பு சுமார் 84 விழுக்காடு.

டம்மிக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏஸைக் கடைசிவரை வைத்திருக்க முடியாவிட்டாலும், முதல் சுற்றில் காப்பாற்றுவதே அந்த வழிகளில் ஒன்றை மிச்சப்படுத்தும்.

எதிரணியைத் தொடங்க வையுங்கள்

கிளப்ஸில் டம்மிக்கு ராணி, 5, 3. எனக்கு ஜாக், 6, 2. ஏஸும் ராஜாவும் எதிரணியின் ஆளுக்கு ஒருவராகப் பிரிந்திருக்கும்போது நான் தொடங்கினால், அவர்கள் சரியாக ஆடினால் மூன்று பிடிகளும் போகும். அவர்கள் தொடங்கினால் எனக்கு ஒரு பிடி நிச்சயம்.

ஆகவே இந்த சூட்டைத் தொடமாட்டேன். எதிரணியின் துருப்புகளை வாங்கிவிட்டு, இரு கைகளிலும் மற்ற சூட்களைத் தீர்த்துவிட்டு, எப்படியும் தோற்கவேண்டிய ஒரு பிடியைக் கொடுப்பேன். இரு கைகளிலும் துருப்பு மிஞ்சியிருந்தால் எதிராளி மாட்டிக்கொள்வார். கிளப்ஸைத் தொடங்கினால் எனக்கு ஒரு பிடி. வேறு சூட்டை இறக்கினால் ஒரு கையில் வெட்டி, மறு கையிலிருந்து ஒரு கிளப்ஸைக் கழித்துவிடுவேன்.

டம்மி விரிந்ததும் முதல் சீட்டைத் தொடுமுன் அரை நிமிடம் நிறுத்துங்கள். ஒவ்வொரு சூட்டிலும் எத்தனை பிடி தோற்கும் என்று எண்ணுங்கள். அதை வெட்டலாமா, வளர்க்கலாமா, எதிரணியிடமே விடலாமா என்று கேளுங்கள். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, மேலே சொன்ன முதல் ஆட்டத்தை விரித்து, மீதிச் சீட்டுகளை நண்பர்கள் இருவரிடம் கொடுத்து ஆடிப் பாருங்கள். துருப்பை எப்போது இறக்கவேண்டும் என்பது நான்கைந்து முறை ஆடுவதற்குள் பிடிபட்டுவிடும்.