உங்களுக்குத் தெரியுமா? வடலூரின் அணையா அடுப்பு
நெய்வேலிக்கு அடுத்துள்ள வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியோடு வருபவரிடம் சாதியோ ஊரோ கேட்பதில்லை. இலை போட்டுச் சோறு பரிமாறுகிறார்கள். அந்தப் பந்தியில் ஒருமுறை உட்காரவே இங்கே வரலாம்.

அருகிலேயே எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. 1872 தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கியது. உள்ளே சிலை இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் கண்ணாடியும் தீபமும்தான். மாதப் பூசத்தில் ஆறு திரைகள் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான். சுற்றியுள்ள பெருவெளியை வெறும் திடலென்று நினைத்துவிடாதீர்கள், பார்வதிபுரம் மக்கள் மனமுவந்து தந்த நிலம் அது.

நேரமிருந்தால் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துக்கும் போய்வாருங்கள். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் ஓர் அறைக்குள் சென்றது அங்கேதான்.