ஆசிரியர் விருந்துக்கு அழைத்தால்

"குடிக்கிற எடத்துக்கு நான் எதுக்கு மாமா போவணும்?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். பாலக்கரை டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவளுக்கு ஜப்பானில் உதவி ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் பிறக்கிறது. சேர்ந்த சில நாட்களிலேயே புதியவர்களை வரவேற்று ஆசிரியர்கள் கூடும் இரவு விருந்து ஒன்று இருக்குமாம். அதை நினைத்துத்தான் பயம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்புகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு நாலு பேர் உண்டு. ஜப்பான் பள்ளி அப்படியில்லை. அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆசிரியர் அங்கே புதுமை இல்லை. 1987-இல் ஜப்பான் அரசு ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கி, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நான்கு நாடுகளிலிருந்து 848 பேரை வரவழைத்தது. பிறகு நாடுகளும் கூடின, ஆட்களும் கூடினார்கள். தனியார் நிறுவனங்களும் ஆள் எடுத்து அனுப்பத் தொடங்கின. ஆனால் உதவி ஆசிரியருக்கு ஒரு சங்கடம் உண்டு. பலருக்கு ஒரே பள்ளி அமைவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிப் போக வேண்டும். எந்த ஆசிரியர் அறையிலும் முழு ஆளாகக் கணக்கில் வருவதில்லை.

பகலில் பேசிப் பழகலாமே என்றால் அதற்கும் வழி குறைவு. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2018-இல் நடத்திய ஆய்வில், ஜப்பானில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். சராசரி 38 மணியை ஒட்டித்தான். பாடம், மாலையில் விளையாட்டுக் குழு, பெற்றோருக்குத் தொலைபேசி, ஓயாத காகித வேலை. பக்கத்து மேசைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்க ஆண்டில் சில மாலைகள்தான் வாய்க்கின்றன. வரவேற்பு விருந்து, விளையாட்டு விழா முடிந்த இரவு, டிசம்பரில் ஆண்டை வழியனுப்பும் போனென்காய், மார்ச் கடைசியில் மாற்றலாகிப் போகிறவர்களுக்கு விடை. குடிப்பதற்காகக் கூடுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பேசுவதற்கு அவர்களுக்கு வேறு நேரம் இல்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் காரணம்.

"செரி மாமா, நான் குடிக்க மாட்டேன்னா தப்பா நினைப்பாங்களா?"

மாட்டார்கள். ஊலாங் தேநீரோ ஆரஞ்சுச் சாறோ கேட்டால் போதும். ஜப்பானில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் தண்டனை கடுமை. 2007-இல் சட்டத்தைத் திருத்தி, ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தே மது கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறிப் போனவர் எல்லோரையும் குற்றவாளியாக்கிவிட்டார்கள். பள்ளி ஆசிரியர் பிடிபட்டால் வேலையே போய்விடலாம். ரயில் குறைந்த சிற்றூர்களில் காரில் வந்தவர்கள் பலரும் தேநீர்க் கோப்பையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் துருவுவதில்லை.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல், அதிலும் அவள் சைவம். அங்கே குழம்பு, சூப், வேகவைத்த காய் என்று பலவற்றுக்கும் அடியில் தாஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனிலிருந்து இறக்குவது அது. தட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். விருந்துக்கு எல்லோருக்கும் ஒரே வரிசைச் சாப்பாட்டை முன்பதிவு செய்துவிடுவார்கள் என்பதால், அங்கே போய் உட்கார்ந்தபின் "இது வேண்டாம்" என்றால் ஏற்பாடு செய்தவர் முகம் செத்துவிடும். ஒரு வாரத்துக்கு முன்பே, மீன் சாறும் ஆகாது என்று அவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வெறும் சைவம் என்றால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பரிமாறிவிடுவார்கள்.

உட்காரும் இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. ஒருவர் பேசி முடித்து, எல்லோரும் கோப்பையைத் தூக்கி 'கன்பாய்' சொல்லும்வரை யாரும் வாய் வைப்பதில்லை. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதும் வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு நாம் ஊற்ற, நமக்கு அவர் ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக பாட்டிலோடு எழுந்து அடுத்தவர் இடத்துக்குப் போவார்கள். புதியவர் தலைமையாசிரியரோடு பத்து நிமிடம் பேச அதுதான் சமயம். பகலில் அவர் அறைக் கதவைத் தட்டப் பத்து முறை யோசிக்க வேண்டியிருக்கும். இங்கே கையில் ஒரு பாட்டில் இருந்தால் போதும், அது தேநீராக இருந்தாலும்.

காசு நம் கையிலிருந்துதான். ஒரு விருந்துக்கு 5,000 யென் அளவில் ஆகும்; நம் பணத்தில் 3,000 ரூபாயை ஒட்டி. பல பள்ளிகளில் ஆசிரியர் நட்புச் சங்கம் என்று ஒன்று மாதாமாதம் சந்தா வாங்கிக்கொள்கிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதிலிருந்தே செய்வார்கள். உதவி ஆசிரியரை அதில் சேர்க்காமல் விட்டிருந்தால், தானே போய்க் கேட்டுச் சேர்வது நல்லது. மொய் நோட்டில் பெயர் இருப்பவரை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும், இல்லாதவரை வேறு மாதிரிப் பார்க்கும். நம் ஆசிரியர் அறைகளிலும் பணிநிறைவுப் பாராட்டு விழாவுக்குப் பொன்னாடையும் பிரியாணியும் யார் காசு என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வெளியூர் வாத்தியார் வந்து கலப்பது நம் மண்ணிலும் நடந்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இத்தாலிக்காரர், 1680-இல் பிறந்தவர். தேம்பாவணியையும் சதுரகராதியையும் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேதியர் ஒழுக்கம். தம்மோடு ஊர் ஊராகப் போய் மறைபோதித்த உள்ளூர் உபதேசியார்களுக்காக எழுதியது. உடன் உழைப்பவர்கள் படிக்க வேண்டும் என்றால் அவர்கள் மொழியில் உரைநடையில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குருவாக வந்தவர் அவர். இவள் உதவியாளராகப் போகிறாள். வித்தியாசம் பெரிது, இருந்தாலும் சொல்லி வைத்தேன்.

விருந்தைவிட எடை கூடியவை பகல் வேலைகள் என்பது என் எண்ணம். விளையாட்டு விழாவுக்குக் கூடாரம் நடுவது, மைதானத்தில் கோடு போடுவது, மாணவர்களோடு சேர்ந்து தினமும் பள்ளியைக் கூட்டித் துடைப்பது. சம்பள ஒப்பந்தத்தில் இதெல்லாம் இருக்காது. "என் வேலை நேரம் முடிந்தது" என்று கிளம்பினால் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் கூடாரக் கம்பியின் மறுமுனையைப் பிடித்தவரை மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விருந்துக்குப் பிறகும் அப்படியே: மறுநாள் காலை ஆசிரியர் அறையில் நுழைந்ததும் ஏற்பாட்டாளருக்கும் தலைமையாசிரியருக்கும் "நேற்றைக்கு நன்றி" சொல்ல வேண்டும். இரவில் யார் என்ன உளறினார்கள் என்பதை மட்டும் எடுக்கவே கூடாது.

2020-இல் கொரோனா வந்து இந்த விருந்துகளை நிறுத்தியது. சில பள்ளிகளில் அவை பழையபடி திரும்பவில்லை. இளம் ஆசிரியர்களில் வீட்டுக்குப் போனால் போதும் என்பவர்கள் கூடிவிட்டார்கள். அவளுக்கு வாய்க்கும் பள்ளி எப்படியோ.

"முடிஞ்சதும் ரெண்டாவதா வேற எடத்துக்குப் பாடப் போவாங்களாமே?"

அது விருப்பம் இருக்கிறவர்களுக்கு. முதல் விருந்து கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் கைதட்டி முடிப்பார்கள். அதுவரை இரு, அப்புறம் வணங்கிச் சொல்லிவிட்டுக் கிளம்பு, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்னாடியே பார்த்து வைத்துக்கொள் என்றேன்.