ராணி மங்கம்மாள் கொலுவிருந்த மண்டபம்

மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து திருச்சிக்கு வருகிறவர்கள் கொள்ளிடத்தைத் தாண்டுவார்கள், காவிரியைத் தாண்டுவார்கள், சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்குவார்கள். துணிமணி வாங்குவார்கள். மலைக்கோட்டை ஏறிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள்.

மலை அடிவாரத்தில் ஓர் அரண்மனை மண்டபம் இருப்பது பலருக்குத் தெரியாது. இரண்டு ராணிகளின் கதையைச் சொல்லும் மண்டபம் அது. ஒரு ராணி நாட்டைக் காப்பாற்றினார். இன்னொரு ராணி ஒருவரை நம்பி நாட்டை இழந்தார்!

இடம் மாறிய தலைநகரம்

நாயக்க மன்னர்களில் புகழ் பெற்றவர் திருமலை நாயக்கர். மதுரையில் பெரிய அரண்மனை கட்டியவர் அவர்தான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர், 1659-ம் ஆண்டு பட்டத்துக்கு வந்தார். பிறகு, தலைநகரை மதுரையில் இருந்து திருச்சிக்கு மாற்றினார்.

புதிய தலைநகருக்கு அரண்மனை வேண்டும் அல்லவா? தாத்தா கட்டிய மதுரை அரண்மனையின் ஒரு பகுதியை இடித்தார். அந்தச் சாமான்களைக் கொண்டுவந்து திருச்சியில் அரண்மனை கட்டினார்.

பேரனுக்காக ஆண்ட பாட்டி

சொக்கநாதரின் மனைவிதான் ராணி மங்கம்மாள். கணவர் 1682-ல் இறந்தார். மகன் 1689-ல் அம்மை நோய்க்குப் பலியானார். மிஞ்சியது கைக்குழந்தையான பேரன் மட்டும்தான்.

மங்கம்மாள் கலங்கவில்லை. பேரன் பெயரால் தானே ஆட்சி நடத்தினார். போர் வந்தபோது படை அனுப்பினார். பெரும் பலம் கொண்ட மொகலாயருக்குக் கப்பம் கட்டி, நாட்டைக் காத்தார். சாலைகள் போட்டார், வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்கள் கட்டினார். பல ஆண்டுகள் நாட்டை ஆண்டார்.

பொய்ச் சத்தியம்

பேரன் விஜயரங்க சொக்கநாதர் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் மனைவி ராணி மீனாட்சி, 1732-ல் ஆட்சிக்கு வந்தார். உறவினர் பங்காரு திருமலை, அரசு தனக்கே உரியது என்று போட்டிக்கு நின்றார்.

இந்தச் சண்டைக்குள் நுழைந்தவர், ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். "உன் பக்கம் நிற்பேன்" என்று அவர் ராணியிடம் சத்தியம் செய்து கொடுத்தார். அதற்காக ராணி ஏராளமான பணம் கொடுத்ததாக வரலாறு கூறுகிறது.

1736-ல் அவர் மீண்டும் வந்தார். சத்தியம் காற்றில் பறந்தது. கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டு ராணியைச் சிறை வைத்தார். மீனாட்சி நஞ்சு உண்டு உயிர் விட்டார். நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

சந்தா சாகிபுக்கும் அந்தக் கோட்டை நிலைக்கவில்லை. 1741-ல் மராட்டியர்கள் கோட்டையைப் பிடித்து, அவரைச் சிறை கொண்டு போனார்கள். விடுதலையாகி மீண்டும் திருச்சியைப் பிடிக்க வந்தவர், 1752-ல் தஞ்சைத் தளபதியிடம் சரண் அடைந்தார். அவருடைய தலை வெட்டப்பட்டது.

இன்று அருங்காட்சியகம்

மலையைச் சுற்றி இருந்த கோட்டைச் சுவர்களை ஆங்கிலேயர் ஆட்சியில் இடித்துவிட்டார்கள். மெயின்கார்டு கேட் வாசல் மட்டும் பழைய கோட்டையை நினைவூட்டி நிற்கிறது. அரண்மனையில் எஞ்சிய தர்பார் மண்டபம், இன்று அரசு அருங்காட்சியகம். வளைவுகளையும், மேலே கவிந்த கூரையையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கற்சிலைகள், பழைய காசுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. கல்லாக மாறிய பழங்கால உயிர்களைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பார்கள்.

ஒரு நாள் போதும்

காலையில் வெயில் ஏறும் முன் மலை ஏறிவிடுவது நல்லது. படிகள் நானூறுக்கு மேல். மலையின் உயரம் 83 மீட்டர். வழியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோவிலைப் பார்க்கலாம். அதற்கு வயது 1,300 ஆண்டுக்கு மேல்!

இறங்கி வந்து சாப்பிட்ட பிறகு, அருங்காட்சியகம் செல்லலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மண்டபத்தின் நடுவில் நின்று இரண்டு ராணிகளின் கதையையும் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்தால் மறக்கலாம். அங்கே கேட்டால் மறக்காது.